டென்யூர் பேச்சு, சனிக்கிழமை

வணக்கம் மக்களே. வர்ற சனிக்கிழமை 14ம் தேதி சாயங்காலம் 4 மணிக்கு, சாட்ஸ்வொர்த்ல நம்ம வழக்கமான ஹால்ல, அமெரிக்க காலேஜ் வாத்தியாருங்க டென்யூரை (அதாவது நிரந்தர வேலைப் பாதுகாப்பை) மாத்தணுமான்னு பேசுறோம், நம்ம பிள்ளைங்க சிலபேர் அங்க பிஎச்டி முடிச்சு வேலை தேடுறதால இது வெறும் ஊர்வம்பு இல்ல.

1. தெரிஞ்சுக்கிட்டு வாங்க: அமெரிக்கப் பேராசிரியர் சங்கமும் காலேஜுங்க சங்கமும் சேர்ந்து போட்ட 1940 அறிக்கைப்படி தகுதிகாண் காலம் 7 வருஷத்தைத் தாண்டக்கூடாது, அப்புறம் தக்க காரணமோ பெரிய நிதி நெருக்கடியோ இல்லாம வேலையை விட்டுத் தூக்க முடியாது. 2015ல விஸ்கான்சின் இந்தப் பாதுகாப்பை மாநில சட்டத்துலேருந்தே எடுத்திருச்சு, புளோரிடால டென்யூர் வாங்கினவங்களுக்கும் 5 வருஷத்துக்கு ஒருக்கா ரிவ்யூ.
2. டென்யூர் சோம்பேறிகளைக் காப்பாத்துதுன்னு சொல்றவங்களும் வாங்க, ஆனா டென்யூர் இல்லாத கான்ட்ராக்ட் லெக்சரருங்க கஷ்டத்தையும் பேசணும், எனக்கு அதுதான் பெரிசு.
3. வியாழனுக்குள்ள பேர் போடுங்க. வெறும் தம்ஸ்அப் கணக்குல வராது, டீ வடைக்கு ஆள் எண்ணி சொல்லணும்.