விற்றவர் பெயரிலேயே ஓடும் வண்டிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய காரை விற்பவர் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, சாவியையும் ஆர்.சி. புத்தகத்தையும் கொடுத்துவிட்டால் வண்டிக்கும் தமக்கும் இருந்த தொடர்பு தீர்ந்துவிட்டதாகவே எண்ணுகிறார். ஆனால் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவின்படி, பொதுவாக யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் விபத்து இழப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த வேறுபாட்டை அறியாமல் வண்டியை விற்றுவிட்டு, பின்னர் நீதிமன்ற வாசலில் நின்றவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

சட்டத்தின் 50-ஆவது பிரிவு இருவருக்கும் கடமை விதித்திருக்கிறது. அதே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும், வேறு மாநிலத்தவருக்கு விற்பவர் தடையின்மைச் சான்று முதலியவற்றுடன் 45 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்றக் கோர வேண்டும். விற்றதைத் தெரிவிக்கப் படிவம் 29-உம், பெயர் மாற்றம் கோரப் படிவம் 30-உம் உள்ளன. நடைமுறையில் இவ்விரண்டும் எப்படிக் கையாளப்படுகின்றன என்பதை அறிய எந்த ஊரிலும் ஒரு கார் புரோக்கரின் மேசைக்கு எதிரில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி இட்டிருக்கும். வாங்குபவர் பெயர், முகவரி, தேதி ஆகியவற்றுக்கான இடங்கள் காலியாக இருக்கும். "பார்ட்டி அமைந்ததும் எழுதிக்கொள்கிறோம் சார்" என்பார்கள். விற்பவர் மனம் ஆறுவதற்காக, முத்திரைத்தாளில், "இன்று பகல் 11.30 மணி முதல் இந்த வாகனத்தால் ஏற்படும் விபத்து, வழக்கு, அபராதம் எதற்கும் விற்றவர் பொறுப்பல்ல" என்று ஒரு டெலிவரி நோட்டும் எழுதிக் கொடுப்பார்கள். மணி நிமிடம் வரை குறித்த அந்தத் தாளை இரும்புப் பெட்டியில் வைத்துப் பாதுகாப்பவர்கள் உண்டு. அது எழுதிக்கொண்ட இருவருக்கும் இடையிலான ஒப்பந்தம் மட்டுமே. சாலையில் அடிபட்ட மூன்றாம் மனிதரை அது எவ்வகையிலும் கட்டுப்படுத்தாது.

விபத்து நடந்தால், பாதிக்கப்பட்டவரின் வழக்கறிஞர் வண்டி எண்ணைக் கொண்டு பதிவு விவரங்களை எடுத்து, அதில் உள்ள பெயருக்குத்தான் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் நோட்டீஸை அனுப்பச் செய்வார். வண்டிக்குக் காப்பீடு நடப்பில் இருந்தால் பெரும்பாலும் நிறுவனம் தொகையைச் செலுத்திவிடும். ஆனால் பெயர் மாற்றத்தில் அக்கறை காட்டாதவர் காப்பீட்டைப் புதுப்பிப்பதில் அக்கறை காட்டுவார் என்று எதிர்பார்க்க முடியாது. காப்பீடு காலாவதியாகியிருந்தால் லட்சக்கணக்கான ரூபாய் இழப்பீடு, வண்டியை என்றோ மறந்துவிட்டவர் தலையில் விழுகிறது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் இதைத் தெளிவாகவே கூறிவிட்டது. அந்த வழக்கில் முதல் உரிமையாளர் 2007-இல் விற்ற கார், பலர் கைமாறி 2009-இல் விபத்துக்குள்ளானது. ஆனாலும் பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்றும், பாதிக்கப்பட்டவர் அடுத்தடுத்து வாங்கியவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை என்றும் தீர்ப்பானது. பாதிக்கப்பட்டவரின் பக்கம் நின்று பார்த்தால் இது நியாயமான தீர்ப்புதான் என்பதை நான் மறுக்கவில்லை.

சில நூறு ரூபாய் கட்டணத்தில் முடியும் பெயர் மாற்றத்தை வியாபாரிகள் ஏன் தள்ளிப்போடுகிறார்கள்? சோம்பல் ஒரு சிறு காரணமே. "சிங்கிள் ஓனர்" வண்டிக்கு ஒரு விலை, "தேர்டு ஓனர்" என்றால் வேறு விலை. வியாபாரி தம் பெயருக்கு மாற்றி, பிறகு வாடிக்கையாளர் பெயருக்கு மாற்றினால் உரிமையாளர் எண்ணிக்கை ஒன்று கூடி, வண்டியின் மதிப்பு குறைந்துவிடும். ஆகவே வெற்றுக் கையெழுத்துடன் படிவங்கள் ஒரு புரோக்கரிடமிருந்து இன்னொருவருக்கு வண்டியோடு சேர்ந்து பயணம் செய்கின்றன. 2022 அக்டோபர் 23 அன்று கோவை உக்கடத்தில் வெடித்த மாருதி கார் பல கைகள் மாறி வந்தது என்பது அப்போதே செய்திகளில் வெளியானது. அதன் பிறகும் இந்த வழக்கம் அப்படியேதான் இருக்கிறது.

இதற்கு மருந்து மத்திய அரசின் விதிகளிலேயே ஓரளவு இருக்கிறது. 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைப்பவர் இணையதளத்தில் படிவம் 29சி மூலம் அதைத் தெரிவித்துவிட்டால், அந்த நேரம் முதல் வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். வண்டியால் நேர்பவற்றுக்கு அவரே பொறுப்பு. நல்ல ஏற்பாடு. ஆனால் அண்டை வீட்டாருக்கோ, அலுவலக நண்பருக்கோ, அங்கீகாரம் இல்லாத புரோக்கருக்கோ விற்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. பெயர் மாற்றம் முழுமையாக முடியும் வரை அவர் வாங்கியவரின் தயவில்தான் இருக்கிறார்.

எனவே போக்குவரத்துத் துறையிடம் என் கோரிக்கை இதுதான். விற்றவர் தாமே இணையத்தில் படிவம் 29-ஐ நிரப்பி, வாங்குபவரின் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. மூலம் அவரது ஒப்புதலையும் பெற்றுப் பதிவு செய்தால், "விற்கப்பட்டது, பெயர் மாற்றம் நிலுவையில்" என்ற குறிப்பு மத்திய அரசின் 'வாகன்' இணையப் பதிவேட்டில் உடனே ஏற வேண்டும். அன்று முதல் இ-சலான்கள் வாங்கியவருக்கே செல்ல வேண்டும். 30 நாட்கள் கடந்தும் அவர் விண்ணப்பிக்காவிட்டால் துறையே அவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். வாங்கியவரின் அடையாளம் உறுதிசெய்யப்பட்டிருப்பதால் விபத்தில் பாதிக்கப்பட்டவருக்கும் இதனால் இழப்பு வராது. வாங்கியவர்மீதே இழப்பீட்டுப் பொறுப்பையும் சுமத்துவதற்குச் சட்டத் திருத்தம் தேவைப்படலாம். 29சி-க்குச் செய்ததை இதற்கும் செய்யலாம்.

வாங்குபவர்களுக்கும் ஒரு சொல். பெயர் மாற்றாமல் ஓட்டினாலும் காப்பீடு இருக்கிறதே என்று தைரியமாக இருப்பவர்கள் பலர். 157-ஆவது பிரிவின்படி மூன்றாம் நபருக்கான காப்பீடு மட்டுமே தானாக மாறியதாகக் கருதப்படும். 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்திடம் விண்ணப்பித்துத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளாதவரின் சொந்த வண்டிச் சேதத்துக்கு நிறுவனம் பணம் தர மறுக்கலாம். இழப்பீடு கோராமல் இருந்ததற்காகப் பழைய உரிமையாளருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் வண்டியோடு வராது. அது அவருடைய சேமிப்பு.

துறை நடவடிக்கை எடுக்கும் வரை, விற்பவர்கள் வெற்றுப் படிவத்தில் கையெழுத்திடுவதை நிறுத்த வேண்டும். வாங்குபவரின் பெயரும் முகவரியும் நிரப்பப்பட்ட படிவம் 29-இன் நகலை ஒப்புகை பெறும் வசதியுடன் விரைவுத் தபாலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அனுப்பி, அந்த ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். தீர்ப்பாயத்தில் இது மட்டுமே உங்களை விடுவித்துவிடாது. ஆனால் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால் கையில் காட்ட ஏதேனும் இருக்கும். ஒரு மாதம் கழித்து மத்திய அரசின் எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயரில் சில எழுத்துகள் மறைக்கப்பட்டிருந்தாலும், அது இன்னும் உங்கள் பெயர்தானா என்பது தெரிந்துவிடும். உங்கள் பெயராகவே இருந்தால் புரோக்கருக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்காமல், வாங்கியவருக்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காப்பீட்டு ஊழியர்,
திருச்சிராப்பள்ளி