அரக்குத் தட்டுகள் பற்றி மகளுக்கு

அன்பு மகள்,

நீ புதிதாக ஒரு ரெக்கார்ட் பிளேயர் வாங்கியிருக்கிறாய் என்று தம்பி சொன்னான், சந்தோஷம். ஆனால் என்னிடம் இருக்கிற பழைய தட்டுகள் மட்டும் வேண்டாமாம், அமெரிக்கப் பாடகர் எல்விஸுக்கு முந்தினது எல்லாம் கிழவிகள் கேட்கிற பாட்டாம். சரி, கிழவிதான் எழுதுகிறேன், கொஞ்சம் பொறுமையாக வாசி. வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினால் அதை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, பாதியில் "ஓம் அம்மா" என்று பதில் போடுகிற ஆள் நீ, அதனால்தான் எழுத்தில் அனுப்புகிறேன்.

நான் சாரிட்டி கடையில் சனிக்கிழமைகளில் நின்ற காலம் உனக்கு நினைவிருக்கும். யாராவது வயதானவர் இறந்துபோனால் பிள்ளைகள் வந்து வீட்டைக் காலி செய்து, பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போவார்கள். எல்பி தட்டு என்றால் உடனே விலை ஒட்டுவார்கள். நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய தட்டு என்றால் மேனேஜருக்குப் பிடிக்காது, கனம், வாங்க ஆளில்லை, தட்டி விழுந்தால் கண்ணாடி மாதிரிச் சிதறும், நேரே குப்பைக்குத்தான். அப்படிப் போக இருந்ததில் நான் காசு போட்டு எடுத்து வந்தவைதான் உன் பழைய அறையில் இருப்பவை. முக்கால்வாசி 1954, 55, 56 ஆண்டுகளில் இந்த இங்கிலாந்தில் ஓடு ஓடென்று ஓடிய பாட்டுகள்.

அவை எதில் செய்தவை தெரியுமா, அரக்கு. நம் அரக்குத்தான், பாண்டவரை உள்ளே வைத்துக் கொளுத்த மாளிகை கட்டினார்களே, அதே சாமான். பீகார், சோட்டாநாக்பூர் பக்கத்துக் காடுகளில் பலாச மரத்திலும் இலந்தை மரத்திலும் ஒரு சின்னப் பூச்சி பிசின் மாதிரிக் கக்கிவைக்க, அதைச் சுரண்டி, உருக்கி, கல்கத்தாவிலிருந்து கப்பலேற்றினார்கள். இங்கே அதோடு கல்மாவும் கரியும் சேர்த்துச் சூட்டில் அழுத்தித் தட்டாக்கினார்கள். டெக்கா கம்பெனி அப்படி அழுத்திய இடம் எங்கே என்கிறாய்? நம் நியூ மால்டனில், பர்லிங்டன் வீதியில். நீ பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க அந்தப் பக்கத்தால்தான் போய் வந்தோம், எனக்கே இது பிறகுதான் தெரியும். இன்னொரு தட்டுக் கம்பெனி இஎம்ஐயின் தொழிற்சாலை ஹேய்ஸில், சவுதால் தாண்டினால் வந்துவிடும்.

இனி பாட்டுக்கு வருகிறேன். உங்கள் காலத்துக் கணக்கில் பாட்டு என்றால் அது ஒரு ஆளுடையது, வேறு யாராவது பாடினால் அதற்கு "கவர்" என்று பெயர். 1955இல் அப்படி இல்லை. முதலில் பாட்டு, பிறகுதான் பாடகர். பதிப்பகங்கள் இசைக் குறிப்பை அச்சடித்து விற்றன, வீட்டில் பியானோ வைத்திருந்தவர்கள் அதை வாங்கி வாசித்தார்கள். எந்தப் பாட்டு முன்னணியில் இருக்கிறது என்பதையே அந்தக் காகித விற்பனையை வைத்துத்தான் பார்த்தார்கள். 1952 நவம்பர் 14ஆம் திகதிதான் நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் பத்திரிகை தட்டு விற்பனையை வைத்து முதல் பட்டியல் போட்டது, அதுவும் பெர்சி டிக்கின்ஸ் என்கிறவர் கடை கடையாக ஃபோன் அடித்து, இந்த வாரம் என்ன கூட விற்றது என்று கேட்டு எழுதியது. ஒரு பாட்டு நன்றாகப் போகிறது என்று தெரிந்தால் ஒவ்வொரு கம்பெனியும் தன் ஆளை ஸ்டூடியோவுக்குள் அனுப்பி அதையே பாட வைக்கும். கடைக்குப் போகிறவர்கள் பாட்டைக் கேட்பார்கள், யாருடையது வேண்டும் என்று கடைக்காரர் கேட்பார், சின்ன அறைக்குள் நின்று இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றை வாங்குவார்கள். அதற்கும் வசதியில்லாதவர்களுக்கு வூல்வேர்த்ஸில் எம்பசி என்ற தட்டு, அதே ஹிட் பாட்டுகளை வேறு ஆட்கள் பாடியது, விலை குறைவு.

உனக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் 'அன்செயின்ட் மெலடி'. 1995இல் ராப்சன், ஜெரோம் பாடிய சீடியை வாங்கி, சுவர் அதிர அதிரப் போட்டாயே, அப்பா வேலை முடிந்து வந்து படுக்க முடியாமல் திண்டாடினாரே, அந்தப் பாட்டுத்தான். அதற்கு ஐந்து வருடத்துக்கு முன் கோஸ்ட் படத்தால் ரைச்சஸ் பிரதர்ஸ் முதலிடம் வந்தார்கள், அதுவே 1965இல் பதிவானது. ஆனால் பாட்டு வெளிவந்தது 1955இல், சிறையைப் பற்றிய ஒரு படத்துக்காக. அந்த வருடம் இங்கே ஒரே வாரத்தில் முதல் இருபதுக்குள் அந்த ஒரு பாட்டின் நாலு தட்டுகள் இருந்தன: அல் ஹிப்லர், லெஸ் பாக்ஸ்டர், லிபராச்சி, ஜிம்மி யங். முதலிடத்துக்கு வந்தது ஜிம்மி யங், டெக்கா தட்டு. பெட்டியில் இருக்கிறது. யாரோ ஒரு பிள்ளை லேபிளில் நீல மையால் தன் பெயரை எழுதியிருக்கிறாள், பார்ட்டிக்குக் கொண்டுபோனால் மாறிவிடும் என்று அப்படி எழுதிவைப்பார்களாம். அதே வருடம் அடுத்த படப் பாட்டும், 'த மேன் ஃப்ரம் லாரமி', அவருக்கு முதலிடம். அடுத்தடுத்து வந்த இரண்டு பாட்டும் முதலிடம் போன முதல் பிரிட்டிஷ்காரர் அவர்தான்.

அந்த ஜிம்மி யங் யார் என்று உனக்கு விளங்கியதா? நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அடுப்படியில் பிபிசி ரேடியோ 2இல் பகல் முழுக்கக் கதைத்துக்கொண்டு இருந்தாரே, அந்த மனிதர்தான்! பென்ஷன், வாடகை, சட்டம், விலைவாசி என்று ஊர் விஷயம் எல்லாம் அலசி, பிரதமர் தாட்சரையே கூப்பிட்டு வைத்துக் கேள்வி கேட்பார். என் ஆங்கிலத்தில் பாதி அவரிடம் கற்றது. இவர் ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு காதல் பாட்டுப் பாடியவர் என்று எனக்குத் தெரியவே தெரியாது, கடையில் அந்த லேபிளைப் பார்த்துவிட்டு வேறு யாரோ ஜிம்மி யங் என்றுதான் நினைத்தேன். குரல் ரைச்சஸ் பிரதர்ஸ் மாதிரி உச்சத்துக்குப் போகாது, அடக்கமாக, கொஞ்சம் கனத்துப்போய் இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும், நீ சண்டைக்கு வராதே.

ரூபி மரியைக் கேட்காமல் விடாதே. பெல்ஃபாஸ்ட் பிள்ளை, அப்போது 20 வயதுகூட ஆகவில்லை. சின்னதில் தொண்டையில் ஆபரேஷன் செய்ததால் குரல் கரகரத்துப்போய், பக்கத்தில் இருந்து காதுக்குள் சொல்வது போல வரும். 1955 மார்ச்சில் ஒரே வாரத்தில் இவருடைய ஐந்து பாட்டுகள் முதல் இருபதில் இருந்தன. 'சாஃப்ட்லி சாஃப்ட்லி' போட்டுப் பார், அரக்குத் தட்டின் இரைச்சலுக்கு மேலால் அந்தக் குரல் மிதக்கும். அதே பாட்டைக் கம்ப்யூட்டரில் சுத்தம் செய்து போட்டிருக்கிறார்கள், இரைச்சலோடு குரலின் பாதியையும் துடைத்துவிட்டார்கள்.

அப்புறம் வினிஃப்ரெட் ஆட்வெல். உனக்கு நான் அனுப்ப நினைப்பதில் முதலாவது இதுதான். டிரினிடாட்டில் டுனாபுனா என்ற ஊர், அப்பா மருந்துக்கடை வைத்திருந்தார், இவரும் அதற்குப் படித்தவர். சங்கீதத்தில் பித்துப் பிடித்து லண்டன் வந்து ராயல் அகாடமியில் சாஸ்திரீய பியானோ படித்தார். மேடையில் ஒரு பெரிய கச்சேரிப் பியானோவில் முறைப்படி வாசித்துவிட்டு, அடுத்தாற்போல் எழுந்துபோய் இன்னொரு பியானோவில் உட்காருவார், பாட்டர்சீயில் ஒரு பழைய சாமான் கடையில் 50 ஷில்லிங்குக்கு வாங்கிய ஒரு ஓட்டைப் பியானோ. சுருதி விலகி, தந்திகள் கணகணவென்று பேசும், அதுதான் சனத்துக்கு வேண்டியிருந்தது. 1954 டிசம்பரில் 'லெட்ஸ் ஹாவ் அனதர் பார்ட்டி' முதலிடம். இந்த நாட்டுப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்த முதல் கறுப்பினக் கலைஞர் அவர். வாடகை வீட்டு வாசலில் "கறுப்பருக்கு இல்லை" என்று அட்டை தொங்கவிட்ட அதே லண்டன்தான், அதே கிறிஸ்மஸ், அவர் தட்டைப் போட்டுத்தான் வீடுகளில் ஆடினார்கள். 1956இல் 'புவர் பீப்பிள் ஆஃப் பாரிஸ்' மறுபடி முதலிடம். அந்த வருடமே பிரிக்ஸ்டனில் கறுப்பினப் பெண்களுக்கென்று ஒரு முடி அலங்காரக் கடையும் திறந்தார். எல்விஸ் எல்விஸ் என்கிறாயே, உனக்கு இவருடைய பெயர் பள்ளிக்கூடத்தில் ஒரு தடவையாவது சொன்னார்களா?

தட்டு எப்படி ஓடும் என்றும் சொல்கிறேன். ஊசி வைத்ததும் மழை பெய்வது போல ஒரு சத்தம், பிறகு ஒரேயடியாகப் பியானோ. பழைய விருந்துப் பாட்டுகளை ஒன்றோடு ஒன்று கோர்த்து வாசிக்கிறார், நிற்க நேரமில்லை, இடது கை தாளத்தை இடித்துக்கொண்டே போகும். மூன்று நிமிஷத்தில் தட்டு முடிந்துவிடும், கச்சேரி முடியாது, மீதி மறுபக்கத்தில். எழும்பிப் போய்த் திருப்பிப் போட வேண்டும்.

ராக் அண்ட் ரோல் வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது என்பது பிறகு எழுதிய கதை. பில் ஹேலியின் 'ராக் அரவுண்ட் த க்ளாக்' 1955 தொடக்கத்தில் பட்டியலில் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனது, ஒரு படத்தில் சேர்த்த பிறகுதான் நவம்பரில் முதலிடம். மூன்று வாரத்தில் அதை இறக்கியது யார்? டிக்கி வாலண்டைனின் 'கிறிஸ்மஸ் ஆல்ஃபபெட்'! நத்தார் முடிந்து ஜனவரியில்தான் ஹேலி மறுபடி மேலே ஏறினார். அந்த வருடம் அதிக வாரம் முதலிடத்தில் குந்தியிருந்தது ஸ்லிம் விட்மன் பாடிய 'ரோஸ் மேரி', தொடர்ந்து 11 வாரம், அந்தச் சாதனை 1991இல் பிரையன் ஆடம்ஸ் வரும்வரை நின்றது. விட்மன் எனக்கு ஆகாது, உன் பெட்டியில் இருக்காது.

எல்லாவற்றையும் மாற்றியவர் என்று வேண்டுமானால் லானி டொனகனைச் சொல், அதை ஒத்துக்கொள்கிறேன். கிளாஸ்கோவில் பிறந்து ஈஸ்ட் ஹாமில் வளர்ந்தவர், சித்தி இருக்கிற அதே ஈஸ்ட் ஹாம். கிறிஸ் பார்பரின் ஜாஸ் குழுவில் பாஞ்சோ வாசித்தவர், 1954இல் ஒரு எல்பிக்காகச் சும்மா சேர்த்த 'ராக் ஐலண்ட் லைன்' 1956 தொடக்கத்தில் தனித் தட்டாக ஓடியது. அவருக்குக் கிடைத்தது பதிவுக்கான சில பவுன் மட்டும்தான், ராயல்டி ஒரு சதமும் இல்லை. அதைக் கேட்ட பெடியன்கள் ஊர் ஊராகக் குழு கட்டினார்கள். துணி தோய்க்கிற பலகை தாளத்துக்கு, இலங்கையிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் தேயிலை வந்திறங்கிய பலகைப் பெட்டியில் ஒரு தடியும் கயிறும் கட்டினால் பேஸ். லிவர்பூலில் ஜான் லெனன் தொடங்கியதும் அப்படி ஒரு குழுத்தான்.

இதையெல்லாம் அந்தக் காலத்துச் சனம் பிபிசியில் நினைத்த நேரம் கேட்க முடியாது. வாத்தியக்காரர் சங்கத்தோடு செய்த ஒப்பந்தத்தால் தட்டு போடுகிற நேரத்துக்குக் கட்டுப்பாடு. பிள்ளைகள் இரவில் ரேடியோ லக்ஸம்பேர்க்கைத் திருகித் தேடுவார்கள், அலை வந்து வந்து போகும். இல்லையென்றால் 5 ஷில்லிங் சொச்சம் கொடுத்துத் தட்டை வாங்க வேண்டும். சின்ன 45 தட்டு அப்போதே வந்துவிட்டது, ஆனால் வீடுகளில் இருந்த பழைய பெட்டிகள் 78 மட்டும் போடும், ஆகவே சனம் வாங்கியது அரக்கைத்தான். 1960 வாக்கில் இங்கே அதன் கதை முடிந்தது. இந்தியாவில் அதற்குப் பிறகும் அழுத்தினார்கள், பீட்டில்ஸ் பாட்டே 78இல் வந்தது, அதுக்கு இப்போது யானை விலை. என் பெட்டியில் அது இல்லை, தேடாதே. இருப்பவற்றுக்கு ஒன்றிரண்டு பவுன்தான், இலட்சக்கணக்கில் விற்றவைக்கு எங்கே விலை.

தம்பி ஜூலையில் வரும்போது கைப்பையில் கொண்டுவருவான், லக்கேஜில் போடவே கூடாது என்று சொல்லியிருக்கிறேன். கைக்கு வந்ததும் ஒவ்வொன்றையும் நடு ஓட்டையில் விரலை விட்டுப் பிடித்து, ஓரத்தில் விரல் மொழியால் மெல்லத் தட்டு, நல்லதென்றால் கணீர் என்னும், விரிசல் இருந்தால் டொக்கென்று செத்த சத்தம். நிமிர்த்தி வை, அடுக்கி வைத்தால் அடியில் இருப்பது வெடிக்கும். துடைக்க ஸ்பிரிட், அல்கஹால் எதுவும் வேண்டாம், அரக்கு அதில் கரைந்துவிடும், சுத்தத் தண்ணீரில் ஒரு துளி சோப், லேபிள் நனையக்கூடாது.

முக்கியமானது ஊசி. உன் பிளேயரில் 78 என்று ஒரு பொத்தான் இருந்தால் மட்டும் போதாது. எல்பி ஊசியின் முனை மிகச் சின்னது, 78இன் பள்ளம் அதைவிட மூன்று மடங்கு அகலம், உள்ளே விழுந்து அடியைக் கீறிக்கொண்டு ஓடும், இரைச்சல்தான் கேட்கும், பிறகு நீ பாட்டைக் குறை சொல்வாய். 78க்கென்று தனி ஊசி விற்கிறார்கள். உன் பிளேயரின் தலைப்பகுதியைக் கிட்டவாகப் படம் எடுத்து அனுப்பு, எந்த ஊசி பொருந்தும் என்று பார்த்து இங்கேயே வாங்கித் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன், அங்கே தபாலுக்குத் தனியாகக் காசு கொடுக்காதே.

அம்மா