ஸ்டாக் ஷீட் பார்ப்பவர்கள் கவனத்துக்கு

திருப்பூர் கிடங்கு நண்பர்களுக்கு வணக்கம். நேற்று ஒருவர் எக்செல் ஷீட்டில் நேவி ப்ளூ மட்டும் ஃபில்டர் போட்டுவிட்டு, மேலே உள்ள மொத்தம் மாறவே இல்லை என்றார். மாறாதுங்க. சம் ஃபார்முலா, ஃபில்டர் மறைத்த வரிகளையும் சேர்த்தே கூட்டும். அதற்குப் பதில் சப்டோட்டல் ஃபார்முலாவில் முதலில் 9 (கூட்டு என்று பொருள்) கொடுத்தால், ஃபில்டரில் நிற்கும் வரிகளை மட்டும் கூட்டும்.

அதைவிடப் பெரிய தொல்லை, ஒரே ஸ்டைல் நம்பருக்கு (பனியன் மாடலின் எண்) உள்ள கட்டங்களை ஒன்றாக இணைத்து வைப்பது. பார்க்க அழகுதான், ஆனால் அந்த ஸ்டைலை ஃபில்டர் செய்தால் முதல் வரியான எஸ் சைஸ் மட்டும் வரும், எம், எல், எக்ஸ்எல் எல்லாம் காணாமல் போகும். இணைப்பைப் பிரித்து, ஒவ்வொரு வரியிலும் ஸ்டைல் நம்பரை நிரப்பிவிடுங்கள். அப்புறம் ஃபில்டர் போட கன்ட்ரோல், ஷிஃப்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்.

பார்த்து முடித்ததும் ஃபில்டரை எடுத்துவிட்டு மூடுங்கள். பாதி பனியனைக் காணோம் என்று எனக்குத்தான் போன் வருகிறது!