படம் வராததுக்குக் காரணம் ஒரு ரூல்

ஆசிரியர் சாருக்கு வணக்கம், நான் தண்டையார்பேட்டைல சின்ன கடைங்களுக்கு வெப்சைட் பண்ணிக் குடுக்குறவன். போன வாரம் காசிமேட்டு மீன் கடை ஒண்ணோட சைட்ல படம் மட்டும் வரல, ரெண்டு நாள் தூக்கமே போச்சு. என்ஜின்எக்ஸ்னு சைட்ட அனுப்புற சர்வர் சாஃப்ட்வேர், எந்தப் பாதைய எங்க அனுப்பணும்னு நாம எழுதுற ரூலுங்கள மேலேர்ந்து வரிசையா பாக்கும்னு நெறைய பசங்க நெனைக்கிறாங்க, சாதா பாதைக்கு அப்டி இல்ல, எது நீளமா பொருந்துதோ அத எடுத்து வெச்சுக்கும், அப்புறம் ரீஜெக்ஸ், அதாவது எழுத்து அமைப்ப வெச்சுப் பொருத்துற ரூலுங்கள மட்டும் வரிசையா பாத்து மொதல்ல பொருந்துறது கெடைச்சா அதுக்கே போயிடும். என் பட போல்டருக்கு தனி ரூல் இருந்தும் ஜேபிஜி படங்களுக்கு இருந்த ரீஜெக்ஸ் ரூல் இழுத்துக்கிச்சு. போல்டர் ரூல்ல பாதைக்கு முன்னாடி தொப்பிக்குறியும் டில்டாவும் (^~) போட்டேன், ரீஜெக்ஸ் பக்கம் போகாம நின்னுச்சு, சரியாச்சு. இதெல்லாம் தமிழ்ல உங்க பேப்பர்ல போடுங்க சார், ராயபுரம், வண்ணாரப்பேட்டை பசங்க இங்கிலீஷ்ல படிச்சு ரொம்ப தவிக்கிறாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தண்டையார்பேட்டை