பந்து வைத்த கபடி

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் விளையாட்டுப் படங்கள் பற்றிய கட்டுரை படித்தேன். குத்துச்சண்டை, கிரிக்கெட், கால்பந்து எல்லாம் இருந்தன. 2007இல் வந்த 'தி ஃபைனல் வின்டர்' மட்டும் விடுபட்டுவிட்டது. சின்ன பட்ஜெட்டில் எடுத்த ஆஸ்திரேலியப் படம்; 1980களின் தொடக்கத்தில் சிட்னியின் நியூடவுன் ஜெட்ஸ் அணிக்கு ஆடும், வயதேறிய ரக்பி லீக் (ரக்பியின் ஒரு வகை) கேப்டனின் கதை. எழுதி நடித்த மேத்யூ நேபிள் முன்னாள் ரக்பி லீக் ஆட்டக்காரர். பந்தை வாங்கியதும் தோளைத் தாழ்த்தி நேராக மோதப் போகும் அந்த ஓட்டம், நடிகர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருவதில்லை.

பாதியில் வந்து உட்கார்ந்த என் மனைவி, "இது என்னங்க, பந்து வெச்ச கபடியா?" என்றார். ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் ஒரு பக்கத்துக்கு 13 பேர்.

1908 முதல் ஆடிவந்த நியூடவுன், கடன் தொல்லையில் 1983உடன் முதல்நிலைப் போட்டியிலிருந்து வெளியேற நேர்ந்தது. அது தெரிந்து பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அப்புறம் ஒரு திருத்தம். கட்டுரையில் ரக்பி யூனியனையும் லீக்கையும் ஒரே ஆட்டமாக எழுதியிருக்கிறீர்கள். ஆடுவதற்காக வேலைக்குப் போகாத ஆட்டக்காரர்களுக்குக் கூலி இழப்பை ஈடுகட்டலாமா என்ற தகராறில், இங்கிலாந்தில் 1895லேயே இரண்டும் பிரிந்துவிட்டன.

– ஒரு வாசகர், திருச்சி