பூஜ்ஜியத்தால் வகுத்தால் என்ன வரும்?

ஹஸ்தம்பட்டி, சேலம்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அக்கா மகளுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. வீட்டில் இப்போதைக்கு அதுதான் பெரிய சந்தோஷம். வெயில் தாங்கவில்லை. ஏற்காட்டுக்குப் போகலாமென்றால் கோடை விழாக் கூட்டம், மலைப்பாதை முழுக்க வண்டிகள். அது முடிந்தபின் பார்க்கலாம்.

சரி, உன் பேரன் கேட்டதற்கு வருகிறேன். பூஜ்ஜியத்தால் வகுத்தால் முடிவிலிதானே, பாடப்புத்தகம் ஏன் ‘வரையறுக்கப்படவில்லை’ என்கிறது என்று கேட்டிருக்கிறான். அருமையான கேள்வி. அப்படித்தான், மனப்பாடம் பண்ணு என்று சொல்லி அனுப்பிவிடாதே.

12ஐ 3ஆல் வகுத்தால் 4 என்று எதை வைத்துச் சொல்கிறோம்? 4ஐ 3ஆல் பெருக்கினால் 12 திரும்பக் கிடைக்கிறது, அதனால்தான். இப்போது 12ஐ 0ஆல் வகுக்கச் சொல். எந்த எண்ணை 0ஆல் பெருக்கினால் 12 வரும்? எதுவுமே இல்லை. அடுத்து 0ஐயே 0ஆல் வகுக்கச் சொல். 5 சரி, 700 சரி, −3கூடச் சரி. எதைப் போட்டாலும் பொருந்துகிறது. முதல் கணக்கில் விடையே இல்லை. இரண்டாவதில் விடைகள் ஏராளம், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. இரண்டும் வேறு வேறு சிக்கல்கள். அவற்றை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுவதால்தான் பிள்ளைகளுக்கு இது யாரோ போட்ட தடை உத்தரவு மாதிரி படுகிறது என்று நினைக்கிறேன்.

முடிவிலி என்று பேரன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. 1ஐ 0.1ஆல் வகுத்தால் 10, 0.01ஆல் 100, 0.001ஆல் 1000. விடை ஏறிக்கொண்டே போகிறது. அப்புறம் மறுபக்கமிருந்து பூஜ்ஜியத்தை நெருங்கட்டும்: −0.1, −0.01, −0.001. விடை −10, −100, −1000 என்று அதே வேகத்தில் இறங்குகிறது. நடுவில் இருக்கும் பூஜ்ஜியத்துக்கு எந்தப் பக்கத்து விடையைக் கொடுப்பது? போகட்டும், 1÷0, 2÷0 இரண்டுமே முடிவிலி, அதாவது 1÷0 = 2÷0 என்று வைத்துக்கொண்டு, வழக்கமான விதிப்படி இரு பக்கமும் 0ஆல் பெருக்கினால் 1 = 2 என்று வந்து நிற்கும். ஒரு வகுத்தலைக் காப்பாற்றப் போய் மொத்தக் கணக்கையும் இழக்க வேண்டுமா?

பெரிய கணித மேதைகளே இதில் திணறியிருக்கிறார்கள். 628இல் பூஜ்ஜியத்துக்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல் விதிகளைச் சரியாக எழுதிய பிரம்மகுப்தர், 0ஐ 0ஆல் வகுத்தால் 0 என்றார். 9ஆம் நூற்றாண்டில் மகாவீரர், பூஜ்ஜியத்தால் வகுத்தாலும் எண் மாறாது என்றார். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் அதை முடிவற்ற அளவு என்றார். உயிர்கள் தோன்றினாலும் ஒடுங்கினாலும் மாறாத இறைவனோடு அதை ஒப்பிட்டார். உன் பேரன் பாஸ்கரர் கட்சி. இதைக் கட்டாயம் அவனிடம் சொல்.

கணினிக்காரர்கள் வேறு வழி கண்டார்கள். கணினிகள் தசம எண்களைக் கையாளும் முறைக்காக 1985இல் வந்த ஐஇஇஇ 754 என்ற பொதுத் தரத்தில் +0, −0 என்று இரண்டு பூஜ்ஜியங்கள் உண்டு. 1ஐ +0ஆல் வகுத்தால் முடிவிலி, −0ஆல் வகுத்தால் எதிர் முடிவிலி. 0÷0க்கு மட்டும் ‘எண் அல்ல’ என்றே பதில் வரும். நான் மேலே சொன்ன இரண்டு சிக்கல்களையும் அங்கே பிரித்தே கையாள்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

1 = 2 கணக்கை மட்டும் நீ முந்திக்கொண்டு சொல்லிவிடாதே. அவனையே போட்டுப் பார்க்க விடு. என்ன சொன்னான் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்