பதினாறு பார்

கோயம்புத்தூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தூத்துக்குடி வீடு பழகிவிட்டது, சாயங்காலம் கடல்காற்று வருகிறது என்று எழுதியிருந்தாய். படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை ஆபரேஷன் முடிந்துவிட்டது. இப்போது காலைப் பேப்பரை முதலில் எடுப்பது அம்மாதான். சின்னவள் பிளஸ் டூ. ராத்திரியெல்லாம் படிக்கிறாள்.

கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தாயே, "இன்னும் கிட்டார் வாசிக்கிறாயா?" என்று. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன்.

வாசிக்கிறேன். அதுவும் நாம் காலேஜில் ஒருநாளும் செய்யாத ஒன்றை. அப்போது நமக்குத் தெரிந்ததெல்லாம் கேசட்டை முன்னும் பின்னும் ஓட்டி, யாரோ வாசித்த சோலோவை ஒரு ஸ்வரம் பிசகாமல் விரலில் ஏற்றுவதுதான். அது வீண் இல்லை, நம் காது திறந்ததே அதில்தான். ஆனால் "நான் சில ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டு அடிக்கிறேன், மேலே உனக்குத் தோன்றியதை வாசி" என்று நாம் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டதே இல்லை. இப்போது நாலு பேர் சேர்ந்து அதைத்தான் செய்கிறோம். ஸ்ட்ரிங் வாங்கப் போன கடையில் பேச்சுக் கொடுத்துப் பழக்கமானவர்கள். ஒருவர் வங்கியில் வேலை பார்க்கிறார். ஒரு அக்கா பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர், சின்ன வயதில் பத்து வருஷம் வயலின் கற்றவர். இன்னொருவன் பாலிடெக்னிக் பையன், பத்தொன்பது வயது. நாலாவது ஆள் நான்.

வாசிப்பதற்குக் கீழே ஓடும் டிராக்கை நானே செய்தேன். கம்ப்யூட்டரில் ரீப்பர் என்ற பதிவு மென்பொருள் போட்டிருக்கிறேன். வேகம் நிமிடத்துக்கு 72 தட்டு. நாலு தட்டு ஒரு பார். ஏ மைனர் செவன்த் இரண்டு பார், டி செவன்த் இரண்டு பார், இந்த இரண்டே கார்டு மாறி மாறி வரும். என்னிடம் பேஸ் கிட்டார் கிடையாது. அதனால் என் கிட்டாரின் தடித்த கம்பிகளில் வாசித்து, அதை ஒரு ஸ்தாயி கீழே இறக்கிக்கொண்டேன். டிரம்ஸ் கம்ப்யூட்டர் போடுவது. அதோடு ஒரு தண்ணீர் பாட்டிலில் அரைப்பிடி அரிசி போட்டு நானே குலுக்கிப் பதிவு செய்ததைச் சேர்த்தேன். அந்தக் குலுக்கல் சேர்ந்த பிறகுதான் டிராக்குக்கு மூச்சு வந்தது. தட்டு கொஞ்சம் முன்னே பின்னே விழுகிறது அல்லவா, அதுதான் காரணம்.

முதலில் செய்த டிராக்கில் கீபோர்டு, இரண்டு ரிதம் கிட்டார், ஸ்ட்ரிங்ஸ் என்று எல்லாவற்றையும் அடுக்கியிருந்தேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மேலே யார் வாசித்தாலும் நிற்க இடமில்லை. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். கடைசியில் மிஞ்சியது பேஸ், டிரம்ஸ், அரிசி, இரண்டாவது நாலாவது தட்டில் மட்டும் வெட்டி வெட்டி விழும் ஒரு கார்டு. அவ்வளவுதான்.

ஆளுக்குப் பதினாறு பார். இந்த வேகத்தில் அது 53 வினாடி. அவரவர் வீட்டில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அடுத்தவருக்கு அனுப்புவோம். ஆடியோவாக அனுப்பினால் சத்தத்தின் தரம் குறைந்துபோகலாம், டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், உனக்கு உதவும். பதிவு செய்யும்போது புளூடூத் ஹெட்போன் வேண்டவே வேண்டாம். அதில் சத்தம் 200 மில்லிவினாடிகூடத் தாமதமாக வரும். அறுபது எழுபது மீட்டர் தள்ளித் தெருக்கோடியில் நிற்பவனோடு சேர்ந்து வாசிப்பது போல இருக்கும். ஒயர் போட்ட பழைய ஹெட்போனே போதும்.

என் முதல் பதிவைக் கேட்டபோது ரொம்ப வருத்தமாகிவிட்டது மாப்ளே. 53 வினாடியில் ஒரு இடத்தில்கூட நான் நிறுத்தவில்லை. நமக்குத் தெரிந்த அந்த ஐந்தாவது ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே இருக்கும் உலோகக் கட்டை) பென்டடானிக், அதாவது ஐந்து ஸ்வரக் கட்டத்துக்குள்ளேயே மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கிறேன். தப்பான ஸ்வரம் ஒன்றுகூட இல்லை. ஆனால் கீழே கார்டு மாறுவது என் காதில் விழுந்ததற்கான அடையாளமே அதில் இல்லை.

டீச்சர் அக்கா கேட்டுவிட்டு, "இது அப்படியே சுத்த தன்யாசி" என்றார். ஸ, க, ம, ப, நி. ஏ-யை ஸட்ஜமாக வைத்தால் ஏ, சி, டி, இ, ஜி. அதே ஐந்து ஸ்வரத்தை சி-யிலிருந்து தொடங்கினால் மோகனம். இத்தனை வருஷமாக ஒரே கட்டத்தை மேஜர், மைனர் என்று இரண்டு பெயரில் வாசித்திருக்கிறேன், அதற்கு நம்மிடம் கிரகபேதம் என்று ஒரு சொல்லே இருப்பது அன்றைக்குத்தான் மனசில் ஒட்டியது.

அப்புறம் அவர் ஒன்று சொன்னார். "டி செவன்த் வரும்போது நி-யிலிருந்து தைவதத்துக்கு இறங்கிப் பாருங்கள், கரகரப்பிரியாவில் வருகிற தைவதம்." கிட்டாரில் அது எங்கே இருக்கிறது தெரியுமா? இரண்டாவது கம்பியில் எட்டாவது ஃபிரெட் ஜி. ஏழாவது ஃபிரெட் எஃப் ஷார்ப். அந்தக் கட்டத்துக்கு நடுவிலேயே இருக்கிறது. முப்பது வருஷமாக என் விரல் அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறது. ஏ மைனர் செவன்த்துக்கு ஏழாவது ஸ்வரம் ஜி. டி செவன்த்துக்கு மூன்றாவது ஸ்வரம் எஃப் ஷார்ப், அந்தக் கார்டை மேஜர் ஆக்குவதே அதுதான். கார்டு மாறும் அந்தத் தட்டில் ஒரே ஒரு ஃபிரெட் இறங்கி அங்கேயே நின்றேன். வேறு எதுவும் வாசிக்கவில்லை. அறையில் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

உனக்கு இதைத்தான் சொல்ல ஆசை. மனோதர்மம் என்றால் உள்ளேயிருந்து புதிது புதிதாக ஊறிக்கொண்டே இருக்க வேண்டும், அது நமக்கு வாய்க்கவில்லை என்று நாம் இரண்டு பேரும் நினைத்திருந்தோம். அப்படி இல்லை. கீழே ஓடுவதைக் கேட்டால் பாதி வேலை முடிந்தது. முன்னால் வாசித்தவர் எதில் விட்டார் என்று கேட்டால் மீதியும் வந்துவிடுகிறது.

போன ஞாயிறு எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நாலு பேரும் நேரில் கூடினோம். சின்ன ஸ்பீக்கரில் டிராக், பேட்டரியில் ஓடும் இரண்டு ஆம்ப். டீச்சர் அக்காதான் யோசனை சொன்னார், தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கஞ்சிராவும் மாறி மாறிக் குறைத்துக்கொண்டே வருவார்களே, அந்தக் குறைப்பு மாதிரி செய்யலாம் என்று. முதல் சுற்று ஆளுக்குப் பதினாறு பார். பிறகு எட்டு, நாலு, இரண்டு, ஒன்று. மொத்தம் 124 பார், ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

பதினாறில் எல்லோரும் தங்களுக்குத் தெரிந்ததை வாசித்தோம். பையன் விரல் பறக்கிறது, நாம் அந்த வயதில் ஆசைப்பட்ட வேகம் அது. நாலுக்கு வந்தபோது வங்கிக்காரர் ஒரு கம்பியை மெதுவாக இழுத்து, பாதியிலேயே விட்டுவிட்டார். அக்கா அந்த இழுப்பை எடுத்து முழுசாக்கி, கமகத்தோடு இறக்கினார். கிட்டாரில் வயலின் கை தெரிந்தது. ஆளுக்கு இரண்டு பார் சுற்றில் எனக்கு வாய்த்தது டி செவன்த். ஜி-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு இறங்கினேன். கடைசிச் சுற்றில், ஆளுக்கு ஒரே பார், பையனிடம் மூன்றே கால் வினாடிதான் இருந்தது. அவன் ஒரே ஒரு ஸ்வரம் வாசித்தான். என் எஃப் ஷார்ப்பை. அதை அப்படியே நீளவிட்டு என்னைப் பார்த்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டிராக்கைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். எங்கள் நாலு பேர் வாசித்தது அதில் இருக்கிறது. வங்கிக்காரருக்கும் அக்காவுக்கும் நடுவில் பதினாறு பார் காலியாக விட்டிருக்கிறேன், அது உன்னுடையது. வங்கிக்காரர் சி-யில் முடிக்கிறார். அங்கிருந்து தொடங்கு.

கட்டிலுக்கு அடியில் இருக்கும் கிட்டாரை எடுத்ததும் ஸ்ட்ரிங்கை மாற்று. கடல்காற்றில் பழைய கம்பி துருப்பிடித்திருக்கும், விரலைக் கிழித்துவிடும். மெல்லிய கம்பி 0.010 அங்குலம் இருக்கும் .010 செட் வாங்கு, உனக்கு அதுதான் பழக்கம். கம்பியை ஏற்றுவதற்கு முன்னால் கழுத்து வளைந்திருக்கிறதா என்று உடலில் கம்பி கட்டும் பிரிட்ஜ் பக்கமிருந்து ஒரு கண்ணால் பார்த்துக்கொள். விரல் நுனி ஒரு வாரம் எரியும், பிறகு சரியாகிவிடும்.

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு மறுபடியும் கூடுகிறோம். அதற்குள் அனுப்பு. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன்
மாப்ள